வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி: வாங்குமுன் சில யோசனைகள்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

சிக்கனத்தைப் பற்றி எழுதப் புகுவோர், தொலைக்காட்சிப் பெட்டியை ஆடம்பரப் பொருள்களின் வரிசையில் சேர்த்துக் கண்டிப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. இன்று அக்கண்டனம் பொருந்தாது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. 1982-ஆம் ஆண்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 2006-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 14 அங்குல வண்ணப் பெட்டிகளை ஏழை எளியோருக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. இவற்றால் தொலைக்காட்சி, குடிசை முதல் மாடி வீடு வரை எல்லா வீடுகளிலும் புகுந்துவிட்டது. மழைச் செய்தியும், சந்தை நிலவரமும், பிள்ளைகளின் பாடமும் இன்று அதன் வழியே வருகின்றன.

அன்று வந்த கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் இப்பொழுது ஒவ்வொன்றாகப் பழுதடைந்து வருகின்றன. அவற்றின் இடத்தில் தட்டைத் திரைப் பெட்டி வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே, வாங்கலாமா வேண்டாமா என்பதன்று கேள்வி. எதை, எவ்வளவுக்கு, எப்படிப் பணம் செலுத்தி வாங்குவது என்பதே கேள்வியாகும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் நாம் அலுவல் நிமித்தம் சென்று வரும்போதெல்லாம் அங்கத்தினர்கள் கேட்கும் வினாக்களில் இதுவும் ஒன்று. தீபாவளிக்கு முன்பும் தை மாதத்திலும் இவ்வினா அடிக்கடி எழும். எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை அங்குலம் வாங்கலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஆனால் நாம் கண்ட அளவில், படம் சரியில்லாத பெட்டியை வாங்கி நஷ்டப்பட்டவர்களைக் காட்டிலும், தவணைக் கணக்கைப் பாராமல் வாங்கி நஷ்டப்பட்டவர்களே மிகுதி. எனவே பெட்டியைப் பற்றி முதலிலும், பணத்தைப் பற்றிப் பின்னரும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் அறையை அளந்து கொள்க

கடைக்குப் போகுமுன் கையில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, திரை அமையப்போகும் சுவரிலிருந்து வீட்டார் உட்காரும் இடம் வரை எத்தனை அடி என்று அளப்பது நலம். நம் பகுதியின் சிறு வீடுகளில் கூடம் பத்தடிக்குப் பத்தடி இருப்பதே சாதாரணம். கதவு, அலமாரி, கட்டில் ஆகியவற்றுக்கு இடம் விட்டபின், பார்க்கும் தூரம் ஆறு முதல் எட்டு அடியாகவே அமையும். ஆறடிக்குட்பட்ட தூரத்திற்கு 32 அங்குலமும் (80 செ.மீ.), ஆறு முதல் எட்டு அடிக்கு 43 அங்குலமும் (108 செ.மீ.), அதற்கு மேற்பட்ட தூரத்திற்கு 50 அல்லது 55 அங்குலமும் ஏற்றவை என்று பொதுவாகக் கொள்ளலாம்.

அங்குலம் என்று சொல்வது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே எடுத்த அளவு. இதனால் ஏற்படும் மயக்கம் ஒன்றுண்டு. 32-க்கும் 43-க்கும் வித்தியாசம் பதினோரு அங்குலந்தானே என்று தோன்றும். ஆயின் திரையின் பரப்பைக் கணக்கிட்டால், 43 அங்குலத் திரை 32 அங்குலத் திரையைப் போல் ஏறக்குறைய 1.8 மடங்கு, 55 அங்குலத் திரையோ ஏறக்குறைய மூன்று மடங்கு. கடையின் பெரிய கூடத்தில் சிறியதாகத் தோன்றும் பெட்டி, வீட்டுக் கூடத்தில் சுவரையே அடைத்துக்கொள்வது இதனால்தான். கடையில் கண் சொல்வதை நம்பாமல் வீட்டில் நாடா சொல்வதை நம்புக.

இழைக் கணக்கு

நெசவாளர்க்கு இதனை விளக்குவது எளிது. துணியின் நயத்தை அறிய வேண்டுமாயின், அங்குலத்துக்கு எத்தனை பாவிழை, எத்தனை ஊடையிழை என்று கண்ணாடி வைத்து எண்ணுகிறோம். தொலைக்காட்சித் திரையும் அவ்வாறே குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிகள் வைத்து நெய்யப்பட்டது. இப்புள்ளியைப் பிக்சல் என்பர். ‘எச்.டி. ரெடி’ எனும் பெட்டியில் அகலவாக்கில் 1366, உயரவாக்கில் 768 புள்ளிகள். ‘ஃபுல் எச்.டி.’ எனில் 1920-க்கு 1080. ‘4கே’ எனில் 3840-க்கு 2160.

இவ்வெண்களைத் தனியே பார்த்து மயங்குதல் கூடாது. அங்குலத்துக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். 32 அங்குல எச்.டி. ரெடி பெட்டியில் அங்குலத்துக்குச் சுமார் 49 புள்ளி. 43 அங்குல ஃபுல் எச்.டி. பெட்டியில் சுமார் 51. அதே அளவு 4கே பெட்டியில் சுமார் 102. சாதாரணப் பார்வையுள்ள ஒருவர் ஆறடி தூரத்திலிருந்து அங்குலத்துக்கு 48 புள்ளிகள் வரையிலும், எட்டடி தூரத்திலிருந்து 36 புள்ளிகள் வரையிலுமே தனித்தனியே பிரித்துக் காண இயலும். அதற்கு மேல் நெருக்கமாக நெய்திருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். நூறாம் நம்பர் சேலையையும் எண்பதாம் நம்பர் சேலையையும் எதிர் வீட்டுக் கொடியில் உலர்த்தினால், கைதேர்ந்த நெசவாளியும் வேறுபாடு காண்பது அரிதன்றோ?

இதிலிருந்து தெரிவது யாதெனில், ஆறடிக்கு அப்பாலிருந்து பார்க்கும் வீட்டில் 43 அங்குலத்திற்கு ஃபுல் எச்.டி. போதுமானது. 43 அங்குலத்தில் 4கே தரும் முழு நுணுக்கத்தையும் காண வேண்டுமாயின் மூன்றடிக்குள் நெருங்கி உட்கார வேண்டும். 55 அங்குலமாயின் நிலை வேறு. அவ்வளவில் ஃபுல் எச்.டி.க்கு அங்குலத்துக்கு 40 புள்ளிகளே வருவதால், ஏழடிக்குள் அமர்வோர்க்குப் புள்ளி தெரியும்; அங்கே 4கே பொருந்தும். விலையில் சில நூறு ரூபாய் மட்டுமே வேறுபாடாயின் 43-லும் 4கே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதற்காகவே சில ஆயிரங்களைக் கூட்டிக் கொடுப்பது, கண்ணுக்குப் புலப்படாத இழைக்குக் கூலி கொடுப்பதாகும்.

மற்றொன்றையும் கவனிக்க. சில மலிவுப் பெட்டிகளின் அட்டையில், ஃபுல் எச்.டி. படத்தை ‘ஏற்கும்’ என்று பெரிய எழுத்திலும், திரையின் உண்மைப் புள்ளி எண்ணிக்கையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டிருப்பார்கள். ஏற்பது வேறு, காட்டுவது வேறு. ‘ரெசல்யூஷன்’ என்னும் தலைப்பின் கீழ் உள்ள இரண்டு எண்களையே பார்க்க வேண்டும்.

வருகின்ற படம் எத்தகையது?

நன்னிலமே ஆயினும் விதை நன்றாயிராவிடில் விளைச்சல் இராது. திரை எவ்வளவு நயமுடையதாயினும், கேபிள் வழி வரும் படம் நயமில்லாததாயின் பயனில்லை. சாதாரணத் தரத்தில் வரும் அலைவரிசைகளின் படத்தில் உயரவாக்கில் 576 வரிகளே உண்டு. அதை 55 அங்குலத் திரையில் விரித்தால், சல்லடைத் துணியைப் பிடித்து இழுத்தாற்போல் இளகித் தெரியும். பழைய 14 அங்குலப் பெட்டியில் தெளிவாகத் தெரிந்த முகம் புதிய பெரிய பெட்டியில் மங்கலாகத் தெரிகிறதே என்று சிலர் குறைப்படுவதற்குக் காரணம் இதுவே, பெட்டியின் குற்றமன்று.

ஆகவே வீட்டில் என்ன பார்க்கப் போகிறோம் என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கேபிள் மட்டுமே எனில் 32 அல்லது 43 அங்குலத்தோடு நிற்பது நலம். கேபிள் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. துளை உள்ளதா, அன்றி மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளைக் கொண்ட பழைய கம்பிதானா என்று பார்த்துக்கொண்டு கடைக்குச் செல்க. புதிய பெட்டிகள் பலவற்றில் அம்மூன்று துளைகளும் தனித்தனியே இல்லை. ஒரே சிறு துளையில் செருகும் இணைப்புக் கம்பி தேவைப்படும். அது பெட்டியோடு வருகிறதா என்று கேட்டறிக. எச்.டி.எம்.ஐ. துளை இரண்டாவது இருத்தல் வேண்டும்.

பெயர்களும் அவற்றின் பொருளும்

கடைக்காரர் சொல்லும் பெயர்கள் பல. எல்.ஈ.டி. என்பது தனிவகைத் திரையன்று, எல்.சி.டி. திரைக்குப் பின்னே எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன என்பதே பொருள். கியூ.எல்.ஈ.டி. என்பதும் அதே திரைதான். நிறத்தை மிகுவிக்கும் மெல்லிய படலம் ஒன்று கூடுதலாக உண்டு. ஓ.எல்.ஈ.டி. மட்டுமே தனிவகை; ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். அதன் விலை நம் வரவுக்கு எட்டாததாகலின் அதைப் பற்றி இங்கு விரிக்கவில்லை.

எல்.சி.டி. திரையில் இரு வகை உண்டு. வி.ஏ. எனும் வகையில் கருமை நன்றாகக் கறுத்துத் தோன்றும். இரவில் விளக்கணைத்து நேரெதிரே அமர்ந்து பார்ப்போர்க்கு ஏற்றது. ஐ.பி.எஸ். எனும் வகையில் கருமை சற்று வெளிறினும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. பாட்டி பாயில், பிள்ளைகள் வாசற்படியோரம், மருமகள் அடுக்களை வாயிலில் என்று நான்கு திசையிலும் இருந்து பார்க்கும் கூட்டுக் குடும்பத்திற்குப் பின்னதே ஏற்றது. கடையில் பெட்டியின் எதிரே மட்டும் நில்லாமல், இரு பக்கமும் நகர்ந்தும், தரையளவு குனிந்தும் பார்த்தால் இவ்வேறுபாடு சொல்லாமலே விளங்கும்.

எச்.டி.ஆர். என்ற எழுத்துகள் இன்று மலிவுப் பெட்டிகளிலும் காணப்படுகின்றன. அதன் பயன் திரையின் ஒளியளவைப் பொறுத்தது. ஒளியளவை ‘நிட்’ என்று குறிப்பர். இருநூறு, இருநூற்றைம்பது நிட் ஒளியுள்ள பெட்டியில் அவ்வெழுத்துகள் இருப்பதால் ஆகக்கூடியது அதிகமில்லை. பகலில் சன்னல் வெளிச்சம் விழும் கூடமாயின் முந்நூறுக்குக் குறையாத ஒளியுள்ளதைத் தேடுவது நலம்.

‘ஸ்மார்ட்’ பெட்டி என்பது இணையத்தின் வழி படம் பார்க்க உதவும் சிறு கணினியை உள்ளே கொண்டது. ஒரு ஜி.பி. நினைவகம் மட்டுமே உள்ளவை சில ஆண்டுகளில் மந்தமாகிவிடும். இதற்காகத் திரையையே மாற்ற வேண்டியதில்லை, எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் விரலளவுக் கருவி ஒன்றை வாங்கினால் போதும். எனவே ஸ்மார்ட் வசதியைக் காட்டிலும் திரைக்கே முதலிடம் தருக.

கம்பெனிப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியின் அடக்க விலையில் பெரும் பங்கு திரைப் பலகத்திற்கே போகிறது. அப்பலகம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. உள்நாட்டில் இணைத்து முடிக்கும் ஆலைகளும் பல பெயர்களுக்குப் பொதுவானவை. திருப்பதியிலுள்ள டிக்சன் ஆலை ஒன்றே பல வணிகப் பெயர்களுக்குத் தொலைக்காட்சி செய்து தருகிறது. ஆதலின் பெயருக்கெனக் கூடுதல் விலை கொடுக்கையில், அப்பெயரோடு பழுது பார்க்கும் ஏற்பாடும் வருகிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. அம்பத்தூரிலோ ஆவடியிலோ அவர்களுக்குச் சேவை நிலையம் உண்டா, அழைத்தால் எத்தனை நாளில் ஆள் வருவார், திரைப் பலகத்திற்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவற்றை விசாரித்துக் கொள்க. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பலகம் உடைந்தால், அதை மாற்றும் செலவு புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும்.

மின்சாரமும் மழையும்

32 அங்குலப் பெட்டிக்குச் சுமார் 45 வாட், 43-க்குச் சுமார் 80 வாட், 55-க்குச் சுமார் 120 வாட் எனக் கொண்டு, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் முறையே 13½, 24, 36 யூனிட் ஆகும். வீடுகளுக்கு 2016-ஆம் ஆண்டு முதல் இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரப்படுகிறது. அந்நூறில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரு பெரிய பெட்டியே உண்டுவிடும் என்பதை நினைவிற் கொள்க. பெட்டியில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளை ஒப்பிட அவ்வெண் உதவும்.

நம் பகுதிக்குரிய தொல்லை மழை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலை ஒட்டி 2023 டிசம்பரிலும் சென்னையின் மேற்குப் புறநகர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தாலும் இடியாலும் நேரும் பழுது சாதாரண உத்தரவாதத்தில் அடங்காது. தாழ்வான தெருக்களில் உள்ளோர் பெட்டியைத் தாழ்ந்த மேசையில் வைப்பதினும் சுவரில் பொருத்துவது மேல். ஆனால் உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் பொருத்துதல் கூடாது. கழுத்தும் வலிக்கும், நிறமும் வெளிறும். இடி மின்னல் நேரத்தில் மின் செருகியையும் கேபிள் முனையையும் சேர்த்தே கழற்றி வைக்க வேண்டும்.

பணம் செலுத்தும் முறை

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். வரி குறைந்தது ஒரு நற்செய்தி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாயிற்று. 28 சதவீத வரி சேர்ந்து 24,000 ரூபாய்க்கு விற்ற பெட்டி, அடக்க விலை மாறாதிருப்பின், 22,125 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். சிறிய பெட்டிகளுக்கு 2019 சனவரி முதலே 18 சதவீதம்தான்.

இவ்வாறு மிஞ்சும் பணம் தவணையில் கரைந்துவிடுதல் கூடாது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தை ஓர் உதாரணத்தால் ஆராய்வோம். பெட்டியின் விலை 24,000 ரூபாய். மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணை. கூட்டினால் 24,000-தான், வட்டி இல்லை என்றே தோன்றும். ஆனால் ரொக்கமாகக் கொடுப்பவருக்குக் கடைக்காரர் 1,200 ரூபாய் குறைத்துத் தருகிறார் என்றும், தவணைக்காரரிடம் கோப்புக் கட்டணமாக வரியுடன் 500 ரூபாய் முன்னதாக வாங்குகிறார்கள் என்றும் கொள்வோம். அப்படியாயின் தவணைக்காரர் உண்மையில் பெற்ற கடன் 22,300 ரூபாய், கட்டுவது 24,000. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 14 சதவீதம் ஆகிறது. வட்டி என்ற பெயர் இல்லை, வட்டி இருக்கிறது. வட்டியே இல்லாத கடன் என ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் எடுத்துக் காட்டியிருக்கிறது.

மற்றொரு வகை, ‘நேர் வட்டி’. 20,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்பார்கள். வட்டி 2,400, மொத்தம் 22,400, மாதத் தவணை சுமார் 1,867. ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு அசலுக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 21½ சதவீதம் ஆகும். நம் சங்கங்களில் கடன் வட்டி நிலுவையில் உள்ள அசலுக்கே கணக்கிடப்படுவதை அங்கத்தினர்கள் அறிவர். ஆகவே, சங்கம் கேட்கும் வட்டியைவிடக் கடையில் கேட்கும் வட்டி குறைவு என்று முடிவு கட்டுமுன், இரண்டும் ஒரே வகைக் கணக்குத்தானா என்று பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் தனிநபருக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு ‘முக்கிய விவரத் தாள்’ ஒன்றைக் கொடுத்தல் வேண்டும். கட்டணங்களெல்லாம் சேர்ந்த உண்மையான ஆண்டு வீதம் அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்தபின்னரே கையொப்பமிடுக.

தவணை தவறினால் வருவது அபராதம் மட்டுமன்று. அது கடன் வரலாற்றில் பதிந்துவிடும். பின்னொரு நாள் தறிக்கோ, கறவை மாட்டிற்கோ, வீட்டிற்கோ கடன் கேட்கையில் இரண்டாயிரம் ரூபாய்த் தவணை ஒன்று குறுக்கே நிற்கும். நெசவாளிக்குக் கூலி மாதந்தோறும் ஒரே சீராக வருவதில்லை. பயிரிடுவோர்க்கு அறுவடைக்கு அறுவடைதான் வரவு. மாதச் சம்பளக்காரருக்கென அமைந்த தவணை முறை இவ்விருவர்க்கும் பொருந்தாமற் போவது இயல்பேயாகும்.

இதனினும் கவனமாகத் தவிர்க்க வேண்டியது, ஒரு காரியத்திற்கு வாங்கிய கடனை மற்றொன்றிற்குச் செலவிடுவது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனை உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லை. அதை அரசு ஏற்கிறது. அப்பணத்தில் ஒரு பகுதியைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, உரத்திற்கு மீண்டும் வெளியில் கடன் வாங்கி, தவணையும் தவறினால், வட்டிச் சலுகை போகும். அடுத்த பருவத்துக் கடனுக்கும் தடை ஏற்படும். நெசவுக்கென வாங்கிய பணத்திற்கும் இது பொருந்தும். பாவுக்குரிய பணம் பாவுக்கே போக வேண்டும்.

நேரான வழி சேமித்து வாங்குவதே. மாதம் 2,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதம் தொடர் வைப்பில் செலுத்தினால், முடிவில் 24,000 ரூபாயும் அதற்கு வட்டியும் கைக்கு வரும். அதைக் கொண்டு ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கோ ரொக்கமாக வாங்கினால் மேற்சொன்ன 1,200 ரூபாயும் நமக்கே. தவணைக்காரர் வட்டி கொடுக்கிறார். சேமிப்பவர் வட்டி பெறுகிறார். இருவரும் மாதந்தோறும் எடுத்து வைப்பது ஒரே இரண்டாயிரந்தான். ஓராண்டு காத்திருத்தல் ஒன்றே வேறுபாடு. காத்திருக்க இயலாதோர், பாதிப் பணத்தையாவது முன்னதாகச் சேர்த்துக்கொண்டு, மீதிக்கு மட்டும் கடன் பெறுவது நலம்.

தள்ளுபடி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: அட்டையில் அச்சிட்ட உச்ச விலையிலிருந்து எவ்வளவு குறைவு என்பது பொருட்டன்று. அதே மாதிரி எண்ணுள்ள பெட்டியை வேறு இரண்டு கடைகள் என்ன விலைக்குத் தருகின்றன என்பதையே ஒப்பிட வேண்டும்.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

அட்டைப் பெட்டியில் தயாரித்த மாதம், தயாரித்தவர் பெயர், இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை, ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க. ரசீதில் மாதிரி எண்ணும், பெட்டியின் வரிசை எண்ணும், கடையின் வரிப் பதிவெண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ரசீது வேண்டாமெனில் விலையைக் குறைக்கிறோம் என்பாருக்குச் செவி சாய்த்தலாகாது. ரசீது இன்றேல் உத்தரவாதமும் இல்லை, வழக்கும் இல்லை.

பெட்டி வீட்டிற்கு வந்ததும், கம்பெனியின் ஆள் முன்னிலையிலேயே பிரிக்கச் செய்க. திரையில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என ஒரே நிறத்தை வரவழைத்து, கோடோ இறந்த புள்ளியோ உண்டா என்று நோக்குக. கைப்பேசியில் அதைப் படமெடுத்து வைப்பதும் நல்லது. அட்டைப் பெட்டியைச் சில வாரங்கள் பத்திரப்படுத்தி வைக்கவும்.

குறை நேர்ந்து, கடைக்காரரும் கம்பெனியாரும் ஒருவரையொருவர் கைகாட்டினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அதனாலும் தீராதாயின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்குத் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் வட்டம் 2018-ஆம் ஆண்டில் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தமையால், அப்பகுதியார் சென்னையில் முறையிட வேண்டும்.

பழைய குழாய்ப் பெட்டியைத் தெருவில் வரும் காயலான் கடைக்காரரிடம் கொடுப்பது தகாது. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக்காக அதை உடைத்து வாய்க்காலோரம் வீசினால் அந்நஞ்சு நம் கிணற்றுக்கும் கழனிக்கும் வந்து சேரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பெட்டிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும். அதற்கான பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. மாற்றுத் திட்டத்தில் கொடுத்துவிடுவது எளிய வழி.

சங்கங்கள் செய்யத்தக்கது

தனியொருவர் கடைக்குப் போய்ப் பேரம் பேசுவதற்கும், இருபது பேர் சேர்ந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டுறவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆவடியைத் தாண்டி அதே ரயில் மார்க்கத்தில் திருவள்ளூர் செல்லும் வழியில் உள்ள திரூரில்தான், 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இம்மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. ஒன்று கடனில் ஏமாறாதிருக்கவும், மற்றது வாங்குவதில் ஏமாறாதிருக்கவும் மக்கள் கண்ட வழி. தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதற்கும் அவ்விரு வழிகளும் உதவும்.

இதற்கு நமது யோசனை வருமாறு. பெட்டி வேண்டும் அங்கத்தினர்களின் பட்டியலைத் தை மாதத்திலேயே சங்கம் தயாரிக்கட்டும். துணைவிதிகள் இடந்தரும் சங்கங்களில், அவர்கள் பெயரில் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கட்டும். தவணை மாதமோ அறுவடையோ, அவரவர் வரவுக்கேற்ப அமையலாம். ஆடி மாதத்தில், அளவு, புள்ளி எண்ணிக்கை, ஒளியளவு, உத்தரவாத ஆண்டுகள், சுவரில் பொருத்தும் கூலி ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, குறைந்தது மூன்று விற்பனையாளரிடம் எழுத்து மூலம் விலைப்புள்ளி கோரட்டும். வந்த விலைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அங்கத்தினர் முன்னிலையில் முடிவு செய்யட்டும். ரசீது மட்டும் சங்கத்தின் பெயரிலன்றி ஒவ்வோர் அங்கத்தினர் பெயரிலும் தனித்தனியே இருத்தல் வேண்டும். உத்தரவாதமும் வழக்கிடும் உரிமையும் வாங்கியவரையே சேர வேண்டுமன்றோ? சங்க நிர்வாகிகள் எவரும் விற்பனையாளரிடமிருந்து தரகோ அன்பளிப்போ பெறுதல் கூடாது. குறைக்கும் தொகை முழுவதும் அங்கத்தினரின் விலையிலேயே குறைய வேண்டும்.

அறைக்கேற்ற அளவு, கண்ணுக்கேற்ற இழை, கேபிளுக்கேற்ற திரை, வரவுக்கேற்ற விலை என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லும் அங்கத்தினர் ஏமாற இடமில்லை. வருகிற தீபாவளிக்குப் பெட்டி வாங்க எண்ணியிருப்போர் இன்றே வீட்டுக் கூடத்தை அளந்து, இம்மாதமே முதல் தவணையைத் தம் சங்கத்தில் செலுத்தத் தொடங்குவார்களாக.